கடை திறக்குமுன் பார்க்க வேண்டிய ஏடுகள்

(பொன்விழாவையொட்டி நடந்த இளம் வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் சின்ன மாமா முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் அறுபதாயிரம் வெள்ளியை ஒரு பரோட்டாத் தொழிற்சாலையில் போட்டார். பங்காளி இனிக்க இனிக்கப் பேசினார், ஊர்க்காரர் வேறு. பதினான்கே மாதத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பணம் போன பிறகுதான் அந்த நிறுவனத்தின் பதிவு விவரத்தை வாங்கிப் பார்த்தோம். மாமா கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இயந்திரங்கள் எல்லாம் வங்கிக்கு ஈடாகிவிட்டது அதில் பதிவாகியிருந்தது. அதை வாங்க ஆன செலவு, நாலு பேர் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுகிற காசுதான்.

அந்த விவரம் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் கிடைக்கும். செண்டிரியான் பெர்ஹாட் எதுவானாலும் இயக்குநர், பங்குதாரர், வங்கிக்கு வைத்த ஈடு எல்லாவற்றையும் இணையத்திலேயே வாங்கலாம். பெரும்பாலானவற்றின் ஆண்டுக் கணக்கும் கிடைக்கும்; சிலவற்றுக்கு மட்டும் கணக்குக்குப் பதில் ஒரு சான்றிதழ் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நம்மவர் கடைகளில் பல தனியார் வணிகமாகவோ கூட்டு வணிகமாகவோ பதிவானவை. அவை அங்கே கணக்குக் காட்டுவதில்லை. ஆகவே பக்கத்து மாமாக் கடையின் லாபத்தை அங்கே தேடாதீர்கள்!

பிறகு உணவுத் தொழிலின் லாப நட்டத்தை எங்கே பார்ப்பது? பங்குச் சந்தைக்குப் போன கடைகளிடம் பார்க்கலாம். நம் ஜோகூரில் தொடங்கிய ஓரியண்டல் கோப்பி 2025 ஜனவரியில் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக அது வெளியிட்ட பங்கு வெளியீட்டு அறிக்கை புர்சா மலேசியா இணையத்தளத்தில் இலவசம். தடித்த புத்தகம்தான், பயப்பட வேண்டாம். தொழில்துறை பற்றிய ஆய்வு, அபாயங்கள் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் படியுங்கள். விளம்பரத்தில் சொல்லாததை அபாயப் பகுதியில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் அக்கா மகன் பாசீர் கூடாங்கில் சாப்பாட்டுக் கடை போட ஆசைப்பட்டு வந்தான். "மாமா, இடம் கிடைச்சிருச்சு, முன்பணம் கட்டட்டுமா?" என்றான். பத்து நாள் பொறு என்றேன். புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பை எடுத்தோம். மாவட்ட வாரியாக வருமானம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சரில் கோழி, எண்ணெய், வெங்காய விலைகளைக் குறித்தோம். 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கு உதவித்தொகையும் இல்லை, உச்சவரம்பு விலையும் இல்லை. அதற்கு முந்தைய விலையை வைத்து அவன் போட்ட கணக்கு அங்கேயே சாய்ந்தது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனதையும் அவன் சேர்க்கவில்லை. எட்டு ஆட்கள் என்றால் மாதம் 1,600 வெள்ளி கூடுதல். சேமநிதி, சொக்சோ தனி.

பையன் முகம் வாடிவிட்டது. அக்காவுக்கு என்மேல் கோபம்கூட.

ஆனால் எந்த ஏட்டிலும் இல்லாத ஒன்று உண்டு: அந்தக் கடை வாசலில் யார் நடக்கிறார்கள் என்பது. அதற்கு நம் பாட்டனார் வழிதான், நின்று எண்ண வேண்டும். முன்பணம் இன்னும் கட்டவில்லை. இப்போது அவன் விடியற்காலை ஐந்து மணிக்கே பாசீர் கூடாங்கில் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறான்.