கடைத்தெருவில் பிறந்த இலக்கியம்



“நூல் எழுதி வாழ இயலுமா?” என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். மட்டாஞ்சேரியில் மிளகையும் சுக்கையும் நிறுத்து வாழும் நாம், அதற்கும் நிறை பார்த்தே விடை கூற வேண்டும்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர் ஆ. மாதவன். 1934-இல் அந்நகரிலேயே பிறந்தார். பள்ளியில் பயின்றது மலையாளம். தமிழைத் தம் முயற்சியால் கற்றார். கடைத்தெருவின் சுமைதூக்கிகளும் சிறு வணிகரும் ஏழை எளியோருமே அவர்தம் கதைமாந்தர் ஆயினர். ஆற்றில் மணல் அள்ளுவோரின் வாழ்வு ‘புனலும் மணலும்’ என்னும் நாவலாயிற்று. பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலைத் தமிழில் தந்தவரும் அவரே. 2015-இல் சாகித்திய அகாதெமி விருது அவரை நாடி வந்தது. அப்பொழுது அகவை 81. 2021-இல் மறைந்தார்.

இதனால் நாம் அறிவது யாது? எழுத்தின் கூலி காலந்தாழ்த்தே வரும். அதுவரை ஒரு தொழில் குடும்பத்தைத் தாங்க வேண்டும். ஆனால், தொழில் எழுத்துக்குத் தடையன்று. அதுவே கருப்பொருளும் ஆகும்.

மாதவனார் தாமே தமிழ் கற்றார். நம் இல்லங்களிலோ தமிழ் பேச்சளவில் நிற்கிறது. எழுத்தறியாப் பிள்ளைகள் வளர்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, நம்முடையது. ஞாயிறுதோறும் அவர்களை ஒரு பக்கமேனும் தமிழில் எழுதச் செய்வோம். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவும் தன் கதையை எழுதும் கைக்காகக் காத்திருக்கிறது.

வாழ்க தமிழ்!