காப்பியின் தாயகம்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். அக்காலத்தில் வகுப்பறையில் நான் கற்பித்த பிழையொன்றைத் திருத்திக்கொள்ள இவ்வானொலி உரை வாய்ப்பளித்திருக்கிறது. காப்பிச் செடியின் தாயகம் அரேபியா என்பதே அப்பிழை.

செடியின் பெயரை நம்பி நான் ஏமாந்தேன். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் அதற்குக் 'காபியா அராபிகா' என்று பெயர் சூட்டினார். ஐரோப்பியர் காப்பியை வாங்கியது ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தில். ஆதலின், சரக்கு கப்பலேறிய கரையையே அது பிறந்த மண்ணாகவும் கருதிவிட்டனர். உண்மையில் அச்செடி செங்கடலுக்கு அப்பால், எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில், பெருமரங்களின் நிழலில் தானே முளைத்தது. காஃபா என்னும் பகுதியில் இன்றும் அது காட்டுச் செடியாக வளர்கிறது. ஆடுகள் அதன் பழத்தைத் தின்று துள்ளியதைக் கண்ட இடையன் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பிற்காலத்தார் எழுதி வைத்தது. கதையென்ற அளவில் சுவையானது, அவ்வளவே.

அங்கிருந்து ஏமனுக்குச் சென்ற காப்பியை, பதினைந்தாம் நூற்றாண்டில் சூஃபி ஞானியர் இரவு வழிபாட்டில் உறக்கம் வராதிருக்கப் பருகினர். பின்னர் பாபா புதன் என்னும் பெரியார் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் அதனை ஏற்காட்டில் பயிராக்கினார். நம் கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேர்வராயன் மலைத்தொடரில்தான் ஏற்காடு இருக்கிறது. இத்தனை அருகில் அச்செடி இருந்தும் அதன் பிறப்பை நான் அறியவில்லை!

என் பிழையை எனக்கு உணர்த்தியவன் என் மாணவனே. களமருதூர் வேர்க்கடலைக் கொல்லைகளில் ஓடியாடிய அவன், இன்று எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறான். விடுமுறையில் ஊர் வந்தபோது ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "ஐயா, தாங்கள் கற்பித்ததை அங்கே ஒரு வீட்டில் சொன்னேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள்" என்றான். அவ்வீட்டு அம்மையார் விருந்தினர் கண்ணெதிரே பச்சைக் கொட்டையைக் கழுவி, வறுத்து, எழும் புகையை ஒவ்வொருவரும் முகருமாறு காட்டி, இடித்து, 'ஜெபெனா' என்னும் மண்கூசாவில் காய்ச்சி, மூன்று சுற்று வழங்கினாராம். அச்சுற்றுகளுக்கு அபோல், தோனா, பரக்கா என்று பெயருமுண்டு. மூன்றும் முடியுமுன் எழுந்து போவது அங்கே அழகன்று.

பொட்டலத்தில் இருந்தது பழத்தோடு உலர்த்திய காப்பி. இதனைச் சற்று விளக்க வேண்டும். காப்பிப் பழத்தில் மேல்தோல், அதனுள் இனிய சதை, வழவழப்பான பசை, பின்னர் ஒரு தொலி, அதற்கும் உள்ளே இரண்டு விதைகள். சதையை இயந்திரத்தால் நீக்கி, பசை நெகிழும்வரை ஊறவைத்து, கழுவி உலர்த்துவது ஒரு முறை. அதற்கு நீர் மிகுதியாக வேண்டும். நீர் அருகிய இடங்களில் பழையோர் கண்ட முறை வேறு. பழத்தைப் பறித்து அப்படியே வெயிலில் பரப்புவர். எத்தியோப்பியாவின் கிழக்கே உள்ள ஹரார் காப்பி இம்முறைக்குப் பெயர் பெற்றது.

எளிய வேலைதானே என்று எண்ணாதீர்கள். களத்தில் மிளகாயும் மக்காச்சோளமும் காயவைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் தொல்லை புரியும். கால் உயர்த்திய வலைப்பரண்களில் பழத்தை மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவுப் பனிக்கும் திடீர் மழைக்கும் மூடி, இரண்டு முதல் நான்கு வாரம் காக்க வேண்டும். விதையின் ஈரம் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்னும் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்குள் பழச்சதையில் நுண்ணுயிர்கள் புளிப்பேற்றுகின்றன. அதன் மணம் விதையையும் சேர்கிறது. அளவோடு நின்றால் நறுமணம். ஒருநாள் அசட்டையாயிருந்தால் பூசணம்.

நம் நாட்டிலும் இம்முறை உண்டு. 'செர்ரி' என்று வணிகர் சொல்வது இவ்வாறு உலர்ந்ததையே. கழுவிய அராபிகாவான 'பிளாண்டேஷன்' அதைவிட உயர்ந்த விலை பெறுவது வழக்கம். காயும் பழமும் கலந்து உருவிப் பறித்து, ஏனோதானோவென்று காயப்போட்டதால் நேர்ந்த தாழ்வு இது என்பது என் கருத்து. கனிந்ததை மட்டும் தேர்ந்து பறித்த எத்தியோப்பியக் காப்பிக்கு உலகெங்கும் நல்ல விலை கிடைக்கிறதே!

சிக்கரியும் பாலும் சேர்க்காமல் அதைப் பருகிப் பார்த்தேன். என் மனைவி ஒரு மிடறு அருந்திவிட்டு, "பழம் அழுகிய வாடையல்லவா வருகிறது!" என்று தம்ளரை நகர்த்தி வைத்தாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சற்று ஆறியபின் நாவற்பழமும் உலர்ந்த கொடிமுந்திரியும் நினைவுக்கு வந்தன. காப்பி ஒரு பழத்தின் விதை என்பதை அறுபது வயதுக்கு மேல் என் நாக்கு கற்றுக்கொண்டது.

அந்நாட்டார்க்குப் பெயர் பற்றிய வழக்கு இன்னொன்றும் நேர்ந்தது. சிடாமோ, ஹரார், யிர்காச்செஃபே என்னும் தம் ஊர்ப்பெயர்களை வணிகக் குறிகளாகப் பதிவு செய்யுமாறு 2005-இல் எத்தியோப்பிய அரசு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. பெயரின் உரிமை கைவந்தால் உழவனுக்கும் விலை கூடும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கக் காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடு எழுந்த பூசல் 2007-இல் உடன்படிக்கையில் முடிந்தது. இதைப் படித்தபோது எனக்கு வெள்ளிமலைக் கடுக்காய் நினைவுக்கு வந்தது. மலையாளி மக்கள் பொறுக்கி உலர்த்தும் அக்காய், சமவெளிச் சந்தைக்கு வந்து சேர்ந்ததும் வெறும் கடுக்காய் ஆகிவிடுகிறது. எந்த மலையில் விளைந்தது என்று கேட்பாரில்லை.

மாணவன் விடைபெற்றுச் சென்ற மாலை, பரணிலிருந்த பழைய பாடக் குறிப்பேட்டை எடுத்து, 'அரேபியா' என்பதை அடித்து 'எத்தியோப்பியா' என்று எழுதினேன். நான் கற்பித்த பிள்ளைகளின் ஏடுகளில் அது இன்னும் அரேபியாவாகவே இருக்கும். அவர்களுள் எவரேனும் இன்று வானொலி கேட்பாராயின் திருத்திக்கொள்க. மீதமிருந்த பொடியில் மறுநாள் என் மனைவி சிக்கரியைக் கலந்துவிட்டாள்.