விளையாட்டும் மன ஒருமைப்பாடும்

(நவராத்திரி விழாவின் நிறைவாக, விசயதசமி மாலையில் ஆலய மண்டபத்தில் இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரை)



நேற்றுச் சரசுவதி பூசையின்போது அன்னையின் திருமுன் பாடநூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் அருகே இரண்டு பூப்பந்து மட்டைகளும், ஒரு காற்பந்தும், ஒரு சதுரங்கப் பலகையும் இருக்கக் கண்டேன். "பந்தை ஏன்டா இங்கே வைத்தாய்?" என்று ஒரு மூதாட்டியார் தம் பேரனைக் கேட்டார். "எனக்கு இதுதானே பாட்டி ஆயுதம்!" என்றான் அவன். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அச்சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. உழவனுக்கு ஏரும் தச்சனுக்கு உளியும் ஆயுதமானால், ஆட்டக்காரனுக்குப் பந்தும் மட்டையும் ஆயுதம்தானே?

ஆயுதத்திற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கினோம். நன்று. ஆனால் அந்த ஆயுதத்தைப் பிடிப்பது கை. அந்தக் கையை நடத்துவது மனம். அந்த மனத்தை நாம் எவ்வாறு பழக்குகிறோம்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியாசிரியனாகவும் பூப்பந்துப் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதுபற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

துரோணர் வைத்த தேர்வு

மகாபாரதத்தில் துரோணாச்சாரியார் தம் மாணாக்கர்களுக்கு வைத்த தேர்வை நாம் அனைவரும் அறிவோம். மரக்கிளையில் ஒரு பறவைப் பொம்மை. "என்ன தெரிகிறது?" என்று ஆசான் கேட்க, ஒருவன் மரம் என்றான், ஒருவன் கிளையும் இலையும் என்றான், ஒருவன் ஆசானையும் உடன்பிறந்தோரையும் சேர்த்தே சொன்னான். அருச்சுனன் மட்டும் தான் எய்ய வேண்டிய குறியன்றி வேறொன்றும் தெரியவில்லை என்றான். அம்பு தைத்தது.

இக்கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அருச்சுனன் எவற்றையெல்லாம் காணவில்லை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அவன் தன் வில்லைக் காணவில்லை. நாணை இழுத்த தன் விரல்களைக் காணவில்லை. சுற்றி நின்று பார்த்தவர்களைக் காணவில்லை. எய்தபின் கிடைக்கப்போகும் பாராட்டையும் காணவில்லை.

இன்றைய விளையாட்டு அறிவியலும் இதையொத்த ஒன்றைக் கண்டறிந்துள்ளது. கனடா நாட்டின் கல்கரி பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோன் விக்கர்ஸ், கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் கண்ணசைவைக் கருவி கொண்டு அளந்து, 1996-ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். எவரும் குறுக்கிடாத நிலையில் கூடையை நோக்கிப் பந்தை எறியும்போது, தேர்ந்தவர்களின் பார்வை எறிவதற்கு முன்பாகவே கூடையின்மீது நிலைகொண்டு சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. தேர்ச்சி குறைந்தவர்களின் பார்வையோ அங்கும் இங்குமாக அலைகிறது. இதற்கு அவர் 'அமைதியான கண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

மற்றோர் உண்மையும் உண்டு. சியான் பைலொக் என்னும் உளவியலாளர் கோல்ப் ஆட்டக்காரர்களைக்கொண்டு ஆராய்ந்தார். நன்கு பழகிய ஒருவர் ஆட்டத்தின் நடுவே தம் கை எப்படி அசைகிறதெனத் தாமே கண்காணிக்கத் தொடங்கினால், பழகிய செயலும் தடுமாறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. நம் ஆலய நாதசுரக் கலைஞர் இராகத்தை விட்டுவிட்டு, எந்த விரல் எந்தத் துளையை மூடுகிறது என்று எண்ணத் தொடங்கினால் வாசிப்பு என்னவாகும்? அதுதான் ஆடுகளத்திலும் நிகழ்கிறது. ஆகவே ஒருமைப்பாடு என்பது பல்லைக் கடித்துக்கொண்டு மனத்தை இறுக்குவதன்று. செய்ய வேண்டிய செயலில் மனம் கரைந்து நிற்பதே ஒருமைப்பாடு.

நான் செய்த பிழை

இதை நான் நூல்களில் படித்து அறிந்தது பின்னாளில்தான். முதலில் என் பிழையின் வாயிலாகவே அறிந்தேன்.

1980-களில் என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். தோட்டத்துப் பிள்ளை, தந்தையார் பால்மரம் வெட்டுபவர். காலில் நல்ல காலணிகூட இல்லாமல் பயிற்சிக்கு வருவான். ஆனால் மட்டையைப் பிடித்தால் உலகமே மறந்துவிடும் அவனுக்கு. பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டான். அக்காலத்தில் ஆட்டம் 15 புள்ளிகளுக்கு. பந்தைத் தொடங்கி அடிப்பவருக்கே புள்ளி உண்டு. முடிவான மூன்றாம் ஆட்டத்தில் 14-க்கு 9 என்று அவன் முன்னணியில் இருந்தான். தொடங்கும் வாய்ப்பும் அவன் கையிலேயே இருந்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி.

அப்போது திடலோரத்தில் நின்றிருந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மகிழ்ச்சி தாங்காமல், "ஒரே ஒரு புள்ளிதான்டா! கோப்பை நமக்குத்தான்!" என்று கூவிவிட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பின்னர் மேசைமீது இருந்த கோப்பையைப் பார்த்தான். அதன்பின் அவன் அடித்த பந்து வலையில் விழுந்தது. அந்த ஒரு புள்ளி அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அதுவரை சிரமமின்றி எடுத்த பந்துகளெல்லாம் கோட்டுக்கு வெளியே போயின. ஆட்டமும் போயிற்று.

என் பிழை அத்தோடு நிற்கவில்லை. திரும்பும் வழியில், வேனில் மற்ற மாணவர்கள் முன்னிலையில், "கையில் இருந்ததைக் கோட்டை விட்டுவிட்டாயே!" என்று கடிந்துகொண்டேன். வெகுநேரம் தலைகுனிந்திருந்தவன் மெல்லச் சொன்னான்: "சார், நீங்க கப்புன்னு சொன்னதும் எனக்குப் பந்தே தெரியலை சார்."

அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பின்னர் அவன் மட்டையைத் தொடவே இல்லை என்று அறிந்தேன். அன்று ஒரு பிள்ளையின் கண்ணைக் குறியிலிருந்து திருப்பியவன் நான். பழியையும் அவன்மீதே சுமத்தியவன் நான். அந்தத் தோல்வியை இன்றளவும் என் தோல்வியாகவே கருதுகிறேன்.

காற்றைப் போன்ற மனம்

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அருச்சுனன் கண்ணபிரானிடம் முறையிடுகிறான். மனம் அலைபாய்வது, வலிமையுடையது, காற்றைப் பிடித்து அடக்குவது போல் அதை அடக்குவதும் அரிது என்கிறான். குறியன்றி வேறொன்றையும் காணாத அதே அருச்சுனன்தான் இவ்வாறு கேட்கிறான் என்பதை இளைஞர்கள் கருத வேண்டும். கண்ணபிரான் அதை மறுக்கவில்லை. அரிதுதான், ஆனாலும் பயிற்சியாலும் பற்றின்மையாலும் இயலும் என்கிறார். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரமும் இவ்விரண்டையே சொல்கிறது.

பயிற்சி என்றால் நமக்கு விளங்குகிறது. பற்றின்மை என்பதை ஆடுகளத்தில் எப்படிப் பொருள்கொள்வது? வெற்றி வேண்டாம் என்பதா? அன்று. வெற்றிக்காக உழைக்கலாம், அதற்காகவே நோன்பு போல் காலையில் எழுந்து ஓடலாம். ஆனால் பந்து பறந்துவரும் அந்த நொடியில் வெற்றியை எண்ணுவதும் பந்தை மறப்பதும் ஒன்றே. பத்துமலையில் காவடி எடுத்து 272 படிகளை ஏறும் அடியாரைப் பாருங்கள். மேலே எத்தனை படி மிச்சம் என்று எண்ணி மலைப்பவருக்குக் கால் துவள்கிறது. முருகன் பெயரைச் சொல்லி, அடுத்த படியில் காலை வைப்பவர் மலையேறிவிடுகிறார்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் சுவர்ப்பந்து விளையாட்டில் எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனவர். அந்த எட்டாவது பட்டத்தை 2014-ஆம் ஆண்டு எகிப்தின் கெய்ரோ நகரில் வென்றார். எதிர்த்து ஆடியவர் அந்நாட்டவரான ரனீம் எல் வெலிலி. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை எதிராளி எடுத்துவிட்டார். நான்காம் ஆட்டத்திலும் அவர் வெற்றியின் வாயிலில் நின்றார். ஒரு புள்ளி தவறினாலும் பட்டம் போய்விடும் என்ற அந்நிலையிலிருந்து, ஒவ்வொரு பந்தாக மீட்டு, அந்த ஆட்டத்தை 14-12 என்றும் அடுத்ததை 11-5 என்றும் நிக்கோல் வென்றார்.

அடுத்து, நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2024-ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர் மாதங்களில் நடைபெற்ற உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி. சென்னையைச் சேர்ந்த குகேஷ் அப்போது 18 வயது இளைஞர். சீனாவின் டிங் லிரெனுக்கு எதிரான 14 ஆட்டங்களில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பின்னர் தேறி முன்னணி பெற்று, 12-ஆம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார், புள்ளிகள் சமமாயின. துவண்டுபோக அது போதுமான காரணம். ஆயினும் திசம்பர் 12-ஆம் நாள் இறுதியாட்டத்தில், சமநிலையில் முடியும் என்று பலரும் எண்ணிய நேரத்திலும் அவர் அயராமல் ஆடினார். டிங் தம் 55-ஆம் நகர்வில் பிழை செய்ய, அதைக் கண்டுகொண்டு வென்று, 7.5-6.5 என்ற கணக்கில் உலக வெற்றியாளர் ஆனார். ஆட்டத்தின் நடுவே கண்களை மூடி அமர்ந்திருப்பது அவர் வழக்கம். அவருக்கு மனப்பயிற்சி அளித்த பேடி அப்டன், 2011-இல் உலகக் கிண்ணம் வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் அப்பணியைச் செய்தவர்.

மூன்றாமவர் நாம் அனைவரும் நேசிக்கும் டத்தோ லீ சோங் வெய். 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் லின் டானிடம் மூன்றாம் ஆட்டத்தை 19-21 என இரண்டே புள்ளிகளில் இழந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவின் அரையிறுதியில் அதே லின் டான். அதே மூன்றாம் ஆட்டம். 20-20 என்ற சமநிலை. பழைய தோல்விகளின் நினைவு அவரை வீழ்த்தவில்லை. 22-20 என வென்றார். ஆனால் இறுதியாட்டத்தில் சென் லோங்கிடம் தோற்று, மூன்றாம் முறையாக வெள்ளிப் பதக்கமே பெற்றார். இதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனம் ஒன்றினால் வெற்றி உறுதி என்று எவரும் வாக்களிக்க முடியாது. எதிரே நிற்பவரும் மனத்தை ஒருமைப்படுத்தியவர்தாம். நம்மிடம் உள்ள திறனை முழுமையாக வெளிக்கொணர்வதே ஒருமைப்பாட்டின் பயன். பதக்கத்தின் நிறம் நம் கையில் இல்லை.

பழகும் முறை

இளைஞர்களே, மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே ஒரே மாதிரியான சிறு செயலைச் செய்யுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுங்கள்; மட்டையின் நரம்பைச் சரிசெய்யுங்கள்; பின்னர் எதிராளியின் மட்டையைப் பாருங்கள். போன புள்ளி அந்த மூச்சோடு போகட்டும்.

இரண்டாவது, நாள்தோறும் பத்து நிமிடம் அமர்ந்து செபம் செய்யுங்கள். மணியை உருட்டும்போது மனம் தேர்வுக்கும், தோழனுக்கும், கைத்தொலைபேசிக்கும் ஓடும். ஓடியதை அறிந்து, சினமின்றி அடுத்த மணிக்கு அழைத்து வாருங்கள். ஓடாத மனம் எவருக்கும் வாய்ப்பதில்லை. அழைத்தவுடன் திரும்பும் மனமே பயிற்சியின் பலன். ஆட்டத்திலும் உங்களுக்கு வேண்டியது அதுவே.

மூன்றாவது, பயிற்சியையே போட்டி போல் ஆடுங்கள். அரட்டையடித்துக்கொண்டு நூறு பந்து அடிப்பதைவிட, கண் பதித்து முப்பது பந்து அடிப்பது மேல்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, இனி உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். திடலோரத்தில் நின்று நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். ஆட்டம் நடக்கையில் கோப்பையைப் பற்றியும், செலவழித்த வெள்ளியைப் பற்றியும், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் பேசாதீர்கள். தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் முதலில் ஒரு குவளை நீரைக் கொடுங்கள். பிழையை மறுநாள் பேசிக்கொள்ளலாம். எஸ்.பி.எம். தேர்வுக்கும் இதே முறைதான். அப்பா அம்மாவின் முகம் வாடுமோ என்ற அச்சம் கண்முன் நிற்கும்போது, பிள்ளைக்கு வினாத்தாள் தெரியாது. என் மாணவனுக்குப் பந்து தெரியாமல் போனதைப் போல.

நேற்று அன்னையின் திருமுன் பந்தை வைத்த அந்தச் சிறுவன் இன்று அதனை எடுத்துக்கொண்டு ஆடப் போவான். அவன் பந்தைப் பார்த்து ஆடட்டும். நாம் அவனுடைய ஆட்டத்தைப் பார்த்து மகிழ்வோம். நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும் மனத் தெளிவையும், நமக்குப் பொறுமையையும் அன்னை பராசக்தி அருள்வாளாக.