தாத்தா விட்டுப்போன வண்டி: முதலில் புத்தகம், பிறகு இன்ஜின்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாடு வாங்க, தையல் மிஷின் வாங்க என்று வரும் கடன் விண்ணப்பங்களுக்கு நடுவில் இப்போது இன்னொன்றும் வருகிறது: "தாத்தா வண்டியை ரெடி பண்ண". சூளகிரி, பாகலூர், தளி, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் புளியமரத்தடியில் ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. ஒரு காலத்தில் தக்காளியும் ரோஜாவும் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு ஓடின வண்டி. பெரியவர் போன பிறகு அதில் கோழி அடைகிறது.

அதை ஓட வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டுக்கும், மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி கூழ் கம்பெனிகளுக்கும் வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசு நம் வீட்டிலேயே தங்கும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. கடன் உங்க பேரில். வண்டி யார் பேரில்?

நிறைய பேர் "தாத்தா பேரில்தான் மேடம்" என்கிறார்கள். குழுப் பணத்தைப் போட்டு, வண்டி பளபளவென்று ஆன பிறகு, பங்காளிகள் வந்து "இது எங்க அப்பா வண்டி" என்றால் என்ன செய்வீர்கள்? தவணை மட்டும் உங்க தலையில் நிற்கும். அதனால் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிப் போவதற்கு முன்னால், ஆர்.சி. புத்தகத்தை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுத்துப் போங்க.

யாருக்குச் சொந்தம்?

தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்துக் குடும்பங்களில் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்தில் பாட்டிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சம பங்கு. தாத்தாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. மகன் முன்பே இறந்திருந்தால் அவருடைய பங்கு அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு. நிலத்துக்கு மட்டும்தான் பங்கு, வண்டிக்குக் கிடையாது என்று நினைக்காதீங்க. வண்டியும் சொத்துதான்.

ஒருவர் பேருக்கு மாற்றும்போது மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து கேட்பார்கள். "சும்மா ஒரு கையெழுத்து போடும்மா" என்று அண்ணன் காகிதத்தை நீட்டுவார். 1989-இல் ஐஃபாட் உதவியுடன் தமிழ்நாட்டிலேயே முதலில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது நம்ம பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கைநாட்டு வைத்த நம் அம்மாக்கள் அப்போது கையெழுத்துப் போடக் கற்றார்கள். எதில் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுவது நம்ம வேலை. பங்கை விட்டுக்கொடுப்பது உங்க விருப்பம். தெரிந்து விட்டுக்கொடுங்க.

பேர் மாற்றம்

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுக்கணும். 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்கணும். ஆர்.சி. புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இன்சூரன்ஸ் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் தாசில்தாருக்கு மனு செய்யலாம். காலம் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம் கட்டி மாற்றலாம், கதவு மூடிவிடாது.

புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கிறதா என்றும் பாருங்க. கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் பேரை நீக்காமல் விட்டிருப்பார்கள். அவர்களிடம் கடிதம் வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்கணும்.

நம்ம எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கல், கே.ஏ. நம்பர். பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கி அப்படியே ஓட்டியிருப்பார்கள். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கணும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். இந்தச் செலவையும் கணக்கில் சேருங்க.

ரிப்பேர்

காகிதம் நகர ஆரம்பித்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம், அதாவது சேஸ். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் இன்ஜின் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. சேஸ் நம்பர் தெளிவாகத் தெரியணும். தேய்க்கிறேன், வெல்டு வைக்கிறேன் என்று நம்பரை அழித்துவிட்டால் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பாஸ் பண்ண மாட்டார்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. டேங்கில் பழைய டீசல் கசடாகியிருக்கும். அதை வடித்து, பில்டர், ஆயில் மாற்றி, எலி கடித்த ஒயரைப் பார்த்த பிறகுதான் சாவி போடணும். அடுத்து பிரேக், ஸ்டியரிங், டயர். டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெடிக்கும். பெயின்ட் கடைசி வேலை. கலரையோ இன்ஜினையோ மாற்றுவதானால் ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்யணும்.

இரண்டு மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்க. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைங்க.

கணக்கு

ஒரு உதாரணம். ரிப்பேர், டயர், பேட்டரி 1,20,000 ரூபாய். வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. 40,000. மொத்தம் 1,60,000. டீசல், டிரைவர் போக ஒரு நடைக்கு 700 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 நடை ஓடினால் 8,400. அதில் 2,500-ஐ அடுத்த எஃப்.சி.க்கும் ரிப்பேருக்கும் எடுத்து வைத்தால் மீதி 5,900. போட்ட முதல் திரும்ப 27 மாதத்துக்கு மேல் ஆகும், வட்டி தனி. அதுவே மாதம் 6 நடைதான் என்றால் மீதி 1,700. முதல் திரும்ப ஏறக்குறைய 8 வருஷம். அப்படியானால் பாசம் வேறு, குழுக் கடன் வேறு. நடை எத்தனை கிடைக்கும் என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுங்க.

8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2022 ஏப்ரலில் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. இன்றைய கட்டணத்தை ஆர்.டி.ஓ.விலேயே நேரில் கேளுங்க. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, எடை ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கும்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் விற்றுவிடுவதில் அவமானம் இல்லை. ஆனால் காயலான் கடையில் காசு வாங்கியதோடு வேலை முடியாது. அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யணும். இல்லாவிட்டால் வண்டி செத்தும் புத்தகம் உயிரோடு இருக்கும். வரி பாக்கி ஏறும்.

பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம்

பூ பறிக்கவும், கல்யாணத்துக்கும், கோயிலுக்கும் பிக்கப்பின் பின்னால் ஏறிப் போவது நமக்குப் பழக்கம். சரக்கு வண்டி இன்சூரன்ஸ் சரக்கின் சொந்தக்காரருக்கோ அவர் அனுப்பிய ஆளுக்கோ பொருந்தும். சும்மா ஏறி வருகிறவர்களுக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் நஷ்டஈடு வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைத் தேடி வரும். பேர் உங்க பேராக ஆகப்போகிறது, ஞாபகம் வையுங்க.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்க பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் கற்றுக்கொடுங்க. டிரைவர் கூலியும் வீட்டில் தங்கும்.

அடுத்த கூட்டத்தில் வண்டிக் கடன் கேட்கிற உறுப்பினர்கள் மூன்று காகிதம் கொண்டு வரணும்: ஆர்.சி. புத்தகம், வாரிசுச் சான்றிதழ், மெக்கானிக் எழுதிய மதிப்பீடு. மூன்றையும் குழுவில் எல்லோரும் கேட்க சத்தமாகப் படியுங்க. பிறகு கடனைப் பேசலாம்.