சுவரில் ஓதம்: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை



வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை, நம் முத்துக்குளித்துறைக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வீட்டுச் சுவரின் அடிப்பாகத்தில், பேஸ்மட்டத்திலிருந்து இடுப்பு உயரம் வரை, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். காரை பொருமி உதிர்ந்திருக்கும். அந்தச் சுவரை ஒட்டியே பாய் விரித்துப் பச்சைப்பிள்ளையைத் தூங்கப் போட்டிருப்பார்கள். "கடற்கரை வீடுன்னா உப்பு பூக்கத்தான் செய்யும், அதுக்கு என்ன செய்ய?" என்று நாமும் இருந்துவிடுகிறோம். அப்படி இருந்துவிட வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் கலந்து பேசி, முறையாகச் செய்தால் ஓதத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

உப்பு எப்படிச் சுவரில் ஏறுகிறது?

உப்பளத்து வேலை தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பாத்தியில் உப்புநீர் பாய்ச்சுகிறோம். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்குகிறது. சுவரில் நடப்பதும் அதேதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, செங்கல்லும் கலவையும் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கின்றன. நிலத்திலுள்ள உப்பும், கலவையில் கலந்த உப்பும் அந்த ஈரத்தில் கரைந்து ஏறுகின்றன. சுவரின் மேற்பரப்பில் நீர் காய்ந்ததும் உப்பு வெளியே நிற்கிறது. காரைக்கு உள்ளேயே உப்பு இறுகினால், அது காரையை வெளியே தள்ளி உதிர்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்புச் சாடி கசிகிறதல்லவா? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். சுவரில் ஊறிய உப்பும் அப்படியே. அதனால்தான் மழை விட்ட பிறகும் சுவர் பிசுபிசுப்பாகவே இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. நம் மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். அப்படி வெள்ளம் நின்ற சுவர் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள்: உப்பு அடையாளம்தான். குற்றவாளி தண்ணீர். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் உப்பை மட்டும் மறைத்தால் பயனில்லை.

உடலுக்கு என்ன கேடு?

வெள்ளை உப்பினால் பெரிய தீங்கு இல்லை. ஈரச் சுவரில் வளரும் பூசணம்தான் கேடு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா முதலிய தொல்லைகள் கூடுதல் என்று சொல்லியிருக்கிறது. தரையோரம் தூங்கும் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும்.

எது உப்பு, எது பூசணம்? உப்பு பொடிப்பொடியாக இருக்கும், தண்ணீரில் கரையும். பூசணம் கருப்பாகவோ பச்சையாகவோ படரும், கரையாது, புழுங்கிய நாற்றம் அடிக்கும்.

"என்னங்க, ராத்திரி பிள்ளைக்கு இளைக்குது" என்று மனைவி சொன்னால், "சளிதான், சரியாயிரும்" என்று கணவர் தள்ளிவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சுவரின்மேல் பழியைப் போடாமல், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெள்ளையடிக்கிறோம். இரண்டே மாதத்தில் உரிந்துவிடுகிறது. உடனே "சிமெண்டைக் கெட்டியாப் பூசிட்டா நின்னுரும்" என்று கடன் வாங்கிப் பூசுகிறோம். சிமெண்டுப் பூச்சும், ஆயில் பெயிண்டும், ஒட்டுக் கல்லும் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் இருந்தது தோள் உயரத்துக்குப் போகும். பணமும் போகும்.

ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். அது கண்ணையும் நுரையீரலையும் புண்ணாக்கும். சுவரில் மேலும் உப்பைச் சேர்க்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்தால் நச்சுப்புகை கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியவை

முதலில், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அது அறையின் புழுக்கம். அதற்குச் சன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

இரண்டாவது, தண்ணீரைத் திருப்புங்கள். குளிக்கும் இடம், பாத்திரம் விளக்கும் இடம், குழாயடி, கூரைத் தண்ணீர் விழும் இடம் இவை சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். தெருவில் சாலை உயர்ந்து, முற்றத்து மண்ணும் உயர்ந்திருந்தால் வெட்டி எடுங்கள். வெளி மண் வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு மண்வெட்டியும் உடலுழைப்பும் போதும். பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, கோடைக்காலத்தில் சுவரைச் சரிசெய்யுங்கள். உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டி, முறத்தில் வாரித் தொலைவில் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். கெட்டுப்போன பூச்சை, உப்பு ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, சித்திரை, வைகாசி வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு நல்ல ஆற்றுமணல் சேர்த்த சுண்ணாம்புக் காரையைப் பூசச் சொல்லுங்கள். மேலே சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சில ஆண்டுகளில் உதிர்ந்தாலும், உப்பை வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றும். மறுபடி பூசிக்கொள்ளலாம்.

நான்காவது, அன்றாடக் கவனம். கட்டிலையும் பாயையும் சுவரைவிட்டு ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள். அரிசி மூட்டையைப் பலகைமேல் வையுங்கள். பூசணத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அப்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் இழுப்பு உள்ளவர்களும் அந்த அறையில் இருக்க வேண்டாம். ஈரச் சுவரில் சுவிட்சு இருந்தால் மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

புது வீடு கட்டுவோருக்கு

அரசுத் திட்டத்திலோ சொந்தச் சேமிப்பிலோ வீடு கட்டுகிறீர்களா? இங்கே காட்டும் கவனம் பிள்ளைகள் காலம் வரை பயன் தரும்.

கடல் மணலையும் கடல் நீரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உவர்ப்பான போர் தண்ணீரும் ஆகாது. பேஸ்மட்டத்தின் மேல், சுவர் எழும்புமுன், இரண்டு அங்குலக் கனத்துக்குக் காங்கிரீட் போட்டு, அதன்மேல் தார் பூசச் சொல்லுங்கள். இந்த ஈரத்தடுப்பு வெளி மண்ணுக்கு அரை அடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு, செலவு" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செங்கல்லையும் சோதிக்கலாம். ஒரு தட்டில் ஓரங்குலம் மழைநீர் ஊற்றி, கல்லை நிற்க வைத்து, நீர் முழுதும் காயவிடுங்கள். மறுபடி ஒருமுறை ஊற்றிக் காயவிடுங்கள். கல்லில் பாதிக்குமேல் வெள்ளை படிந்தால் அந்தக் கல்லை வாங்க வேண்டாம்.

முன்னாளில் இக்கரையில் பவளப்பாறைக் கல்லைக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் எடுத்தார்கள். அந்தக் கல் உப்பில் ஊறியது. பாறையை எடுத்ததால் கடல் அலைக்கு இருந்த தடுப்பும், மீன் பெருகும் இடமும் குறைந்தன. 2001இல் பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எடுப்பது குற்றம்.

இருவரும் சேர்ந்து

தாய்மார்களே, சுவரை நாள்தோறும் பார்ப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். எந்த மாதத்தில், எந்த மூலையில், எவ்வளவு உயரம் ஈரம் ஏறுகிறது என்று கரித்துண்டால் கோடு போட்டு வையுங்கள். சகோதரர்களே, கொத்தனாரிடம் பேசுமுன் அந்தக் கோட்டை மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். கோடு கீழே இறங்கினால் செய்த வேலை சரி. மேலே ஏறினால் தண்ணீர் வேறு வழியில் வருகிறது, தேடுங்கள்.

அடுத்த மழைக்கு முன், இந்தக் கோடையிலேயே முற்றத்து வாட்டத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் குழந்தைகள் காய்ந்த தரையில், நல்ல காற்றில் தூங்கட்டும்.