மயில்துத்தம்

சோளத்தில் கரிப்பூட்டை வாராதிருக்க விதையை மயில்துத்த நீரில் நனைப்பது பழைய முறை. 1885-ல் பிரான்ஸ் தேசத்து மில்லார்தே இதனைச் சுண்ணாம்புடன் கூட்டித் திராக்ஷைக் கொடியின் நோய்க்கு மருந்தாக்கினார். தாமிரமும் கந்தகத் திராவகமும் சேர்ந்துண்டான இந்நீல உப்பு, காய்ச்சினால் தன்னகத்துள்ள ஜலத்தை இழந்து வெளுத்துவிடும். இரும்பு வாளியில் கரைத்தால் தாமிரம் வாளியிற் படியும்; வாளியும் அரிக்கும், மருந்தின் வீரியமும் குன்றும். மண்பானையே தக்கது.

உட்கொண்டாலோ வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு, ஈரலும் குண்டிக்காயும் கெட்டு, மரணமும் நேரலாம். நனைத்து மிஞ்சிய விதையைக் கழுவிச் சமைக்கலாமென்று வறுமையால் நினைப்போர் உண்டு. அது உணவன்று, விஷமே. கழுவிய நீர் குளத்திற் சேர்ந்தால் மீன் மடியும். மாட்டைக்காட்டிலும் செம்மறியாடு இதற்கு எளிதில் இரையாகும். வாந்தி மருந்தாக இதையே புகட்டிய முன்னாள் வழக்கமும் ஆபத்தானது. தவறி விழுங்கியவரைப் பொட்டணத்துடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.