மகளிர் பருவமும் இடுப்படித் தசையும்

சகோதரிகளே, பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறிய நம் குடும்பங்களில், கலியாணத்திற்கு அழைத்தால் "முழங்கால் வலி" என்று வீட்டோடு தங்கிவிடும் தாய்மார் சிலர் உண்டு. முழங்கால் வெறும் சாக்கு. இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிந்து புடவை நனைந்துவிடுமே என்ற அச்சந்தான் மெய்க்காரணம். இதை அவர்கள் பெற்ற மகளிடங்கூடச் சொல்லமாட்டார்கள்.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்புவரை, தூளி கட்டினாற்போல ஒரு தசைப் படுகை அமைந்துள்ளது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இதுவே. இளமையில் இது பெரும்பாலும் இறுக்கமாக இருக்கும். கருவுற்ற மாதங்களில் சுமை ஏறுகிறது. பிரசவத்திலோ, இதன் உட்பகுதி ஏறத்தாழ மூன்று மடங்கு நீள்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பலருக்குச் சில மாதங்களில் அது தேறிவிடுகிறது, சிலருக்குத் தேறுவதில்லை. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைய, திசுக்கள் மெலிகின்றன. ஓயாத இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், குடம் குடமாய்த் தண்ணீர் சுமத்தல் ஆகியவை நலிவை மிகுவிக்கும். "வயதானால் இப்படித்தான்" என்பது பாதி உண்மை. தசை நலிவது மெய். மீளவே மீளாது என்பது பிழை.

1948-ல் அர்னால்டு கெகல் என்னும் அமெரிக்க டாக்டர், அழுத்தத்தை அளக்கும் சிறு கருவியொன்றால் இத்தசையின் வலுவைக் கணித்து, பயிற்சியால் அது வளர்வதைக் காட்டினார். சிறுநீரையும் வாயுவையும் ஒருங்கே அடக்குவதுபோல உள்நோக்கி மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தி, பின் முற்றும் தளர்த்த வேண்டும். இவ்வாறு எட்டு முறை. நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கலாகாது, தொடையை இறுக்கலாகாது, சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழகலாகாது. மூன்று மாதமாவது விடாது செய்தால்தான் பயன் தெரியும். அடுப்படியில் நின்றபடியே செய்யலாம். பக்கத்தில் நிற்கும் மாமியாருக்கும் தெரியாது! கருப்பை இறங்கித் தட்டுப்பட்டாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, பயிற்சியை நம்பிக் காத்திராமல் டாக்டரைக் காணவேண்டும்.

இந்நகரில் 1935-ல் தொடங்கிய வாணி விலாஸ் மகளிர் ஆஸ்பத்திரி உண்டு. ஆயினும் கன்னடம் அறியாத தாயார், பேசுவதற்கு மகனையே துணைக்கு அழைத்துப்போக நேர்கிறது. மகன் எதிரில் வாய் திறப்பாரா? ஆகவே ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்பித்து, மகளையோ மருமகளையோ உடன் அனுப்புங்கள்: "கெம்மிதாக மூத்ர ஹோகுத்தெ." இருமும்போது மூத்திரம் போகிறது என்று பொருள். பாதிச் சொல் நம்முடையது போலவே இருப்பதால் மனத்தில் எளிதில் நிற்கும். மற்றவற்றை டாக்டரே கேட்டறிவார்.